தொழில்: மருத்துவச்சி

பூந்தமல்லி டிஸ்பென்சரியில் பிரசவம் பார்த்துவந்த அந்த அம்மாளிடம் எந்த விஷயத்தையும் சொல்லி முடித்துவிட முடியாது. முடித்துவிட்டோம் என்று நினைத்து நாம் வாயை மூடும்போது, அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, "செரி, அப்பால?" என்பார். அதில் அதட்டல் இருக்காது, கிண்டலும் இருக்காது. கதை கேட்கிறவர்கள் அடுத்தது என்ன என்று கேட்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால், சொல்ல வேண்டாம் என்று நாம் வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. மலேயாவிலுள்ள ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு ஒருவர் பூந்தமல்லியில் ஆபீஸ் வைத்திருந்தார். அவரிடம் எனக்கு ரைட்டர் வேலை. காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் நடந்து போய்வருவேன். போகிறவர்களின் பெயர், ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் எழுதிப் பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. பட்டியலோடு ஆட்களை ஆவடி கேம்புக்கு அனுப்புவோம். அங்கே அம்மை குத்தி, உடம்பைப் பார்த்து, சில நாள் தங்கவைத்துக் கப்பல் ஏற்றுவார்கள்.

அந்த அம்மாள் பாரிவாக்கம் சேரியைச் சேர்ந்தவர். பெற்றவர்கள் பண்ணை வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒரு டாக்டரம்மா அவரைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்து, மருத்துவச்சி சர்டிபிகேட் வாங்கவைத்திருந்தார். நான் பார்த்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். குட்டையான, உறுதியான உடம்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் அந்தக் காலத்தில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

ஒருநாள் என் தாயாருக்குக் கண் மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். பருத்திப்பட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்திருந்தான். பெண்டாட்டி பிள்ளை பெற்று மூன்று நாள் ஆகிறது, காய்ச்சல் என்றான்.

"ஜொரத்துக்கு மட்டும் மருந்து குடும்மா. கொயந்த நல்லா கீது."

"செரி, அப்பால?"

"அப்பால இன்னா? அவளும் நல்லாத்தான் கீறா. ஜொரம்தான்."

"நஞ்சுக்கொடி வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதான் சொன்னாங்க."

"முழுசா வந்துச்சான்னு யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. வந்ததை அப்படியே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவனுடைய வண்டியிலேயே ஏறிப் போனார். மறுநாள் அந்தப் பெண்ணை வைக்கோல் பரப்பிய வண்டியில் படுக்கவைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஒரு துண்டு தங்கி அழுகத் தொடங்கியிருந்ததாம். இன்னும் ஒருநாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். பத்துப் பதினைந்து நாளில் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

இந்தக் குணத்தால் அவரைக் கண்டு ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. டிஸ்பென்சரி கம்பவுண்டர், இந்த அம்மாள் வருவதைப் பார்த்தால் பாட்டில் கழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விடுவார். 'மூணு வேளை கொடு' என்று சொல்லிவிட்டு அவரால் நிம்மதியாக இருக்க முடியாது. சாப்பிட்ட பிறகா, முன்பா, வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்று கடைசிவரை போக வேண்டும்.

அந்த அம்மாளுக்கு மறுகல்யாணம் பேசிவந்த கதையை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். தங்கச்சியின் மாமியார்தான் பேச்சை எடுத்தாளாம்.

"மாப்ளைக்கு சொந்தமா ரெண்டு மாடு கீதுன்னா. செரி, அப்பாலன்னேன். ஊடு கீதுன்னா. அப்பாலன்னேன். 'அப்பால இன்னாடி அப்பால, அவ்ளோதான்'னு கத்துனா. அவ்ளோதானான்னு கேட்டுட்டு நான் துணி மடிக்கப் போய்ட்டேன்."

சொல்லிவிட்டுச் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

மலேயாவில் ஒரு பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சர்டிபிகேட் உள்ள மருத்துவச்சி வேண்டும் என்று எங்கள் ஏஜெண்டுக்குக் கடிதம் வந்தது. எழுதியவர் அந்த ஆஸ்பத்திரி டாக்டர், யாழ்ப்பாணத்துத் தமிழர். ஏஜெண்டுக்கு உடனே இந்த அம்மாளின் நினைவு வந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் உடனே சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"இங்க ரெண்டு நாளு ஊட்லயே வெச்சிருந்து, கை மீறிப் போனப்பால என்னைக் கூப்புடுறாங்க. நான் போறப்ப பாதி உசுருதான் இருக்கும். அங்க வலி கண்டதுமே ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாங்களாமே. பன்னெண்டு கட்டில் கீதாம். மொத வலிலேர்ந்து கூடவே இருந்து பாக்கணும்னு எனக்கு ஆசை."

பத்து நாளில் கப்பல் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். அதை நம்பி அவர் டிஸ்பென்சரி வேலையை விட்டுவிட்டார். அவருடைய இடத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வேறொருத்தி வந்து சேர்ந்தும்விட்டாள்.

அந்தக் காலத்தில் வேலைக்காகக் கடல் கடந்து போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. தோட்டக்கூலியாகப் போவது சுலபம். பட்டியலில் பெயர் ஏறினால் கப்பல்செலவு முதற்கொண்டு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தொழில் தெரிந்த ஆளாகப் போவதென்றால் வேலை கொடுப்பவர் சர்க்காருக்கு விண்ணப்பம் போட வேண்டும். என்ன வேலை, எங்கே தங்க இடம், எத்தனை வருஷம், திரும்பி வர யார் செலவு என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் கொடுத்து ஜாமீனும் கட்ட வேண்டும். போகிறவரை அதிகாரி நேரில் விசாரிப்பார். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

ஏஜெண்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "கூலின்னு எழுதி லிஸ்டுல சேத்துடு. அங்க போயி எறங்குனா ஆஸ்பத்திரிக்குத்தானே போவப்போறா" என்றார். நான் எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

புறப்பட வேண்டிய நாள் காலையில் ஒரு தகரப் பெட்டியோடு அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். வெள்ளைப்புடவை. புதிதாகத் தைத்த ரவிக்கை. ஆவடிக்குப் போகும் வண்டி இன்னும் வரவில்லை. என் மேஜைமேல் பட்டியல் விரித்திருந்தது. தமிழ் நன்றாகப் படிப்பார், ஆனால் பட்டியல் இங்கிலீஷில் இருந்தது.

"என் பேருக்கு நேரா இன்னா எழுதிக் கீது, ரைட்டரய்யா?"

"உன் பேருதான்."

"அப்பால?"

"ஊரு. பாரிவாக்கம்."

"அப்பால?"

"வயசு."

"அப்பால?"

அடுத்த பத்தியில் என் விரல் நின்றுவிட்டது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் எதிரே நின்றுகொண்டு ஒருவர் முழு நம்பிக்கையோடு கேட்கும்போது பொய் நாக்கில் வரவில்லை.

"கூலி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"போன வருசம் டிஸ்பென்சரிக்கு ஒருத்தி வந்தா. மலாயாவுலேர்ந்து திரும்பினவ. பங்களாவுல ஆயா வேலைன்னு சொல்லிக் கூட்டிகினு போயி ரப்பர் மரத்துல பாலு வெட்ட உட்டாங்களாம். போயி கேட்டதுக்கு, காயிதத்துல கூலின்னுதானே கீதுன்னு எடுத்துக் காட்டுனாங்களாம். அவ கையப் பாத்தேன், ஒரே கத்திக் காயம். அதான் கேட்டேன்."

ஏஜெண்டு உள்ளேயிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார்.

"எழுத்துல இன்னாம்மா கீது? நீ போற எடம் ஆஸ்பத்திரி. டாக்டரே கேட்டு எழுதியிருக்காரு."

"செரிங்க ஐயா. அப்பால அந்த டாக்டரு மாறிட்டாருன்னா?"

"வேற டாக்டர் வருவாரு."

"நான் இன்னா வேலைக்கு வந்தேன்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

"நீ சொல்லு."

"நான் சொல்றத நம்புவாரா, எழுதிக் கீறத நம்புவாராங்க?"

ஏஜெண்டின் முகம் மாறியது. "இஷ்டம் இருந்தா ஏறு, இல்லாட்டிப் போ. உனக்காகக் கப்பல் நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் வண்டி வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்.

அவருக்கு இப்போது வேலை இல்லை. தங்கச்சி வீட்டைத் தவிரப் போக்கிடமும் இல்லை. அதற்கு நான் எழுதிய ஒரு வார்த்தையும் காரணம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. ஓடிப்போய்ப் பாரிவாக்கம் திரும்பும் முனையில் அவரைப் பிடித்தேன். தொழில் தெரிந்தவர்கள் போவதற்கு வேறு வழி இருக்கிறது என்று சொன்னேன். அப்பால என்றார். தோட்டத்தார்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்றேன். அப்பால என்றார். அந்த டாக்டர் சொன்னால் தோட்டத்தார் கேட்கலாம் என்றேன். அப்பால என்று அவர் கேட்பதற்கு முன்பே டாக்டரின் விலாசத்தைச் சொல்லிவிட்டேன்.

"நான் சொன்னதா யாருக்கும் தெரியக்கூடாது" என்றேன்.

"செரி" என்றார். அந்த ஒருமுறைதான் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டருக்குத் தமிழில் அவரே கடிதம் எழுதிப் போட்டார். பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு பாரிவாக்கத்துப் பிரசவங்களைப் பார்த்தார். கொடுத்த நெல்லைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவார். கிடைத்த கப்பலை விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரில் பேசினார்கள். வழியில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் வேகமாக நடந்துவிடுவேன்.

பதில் ஏஜெண்டுக்குத்தான் வந்தது. மருத்துவச்சியைக் கூலிப் பட்டியலில் அனுப்பச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டிருந்தார். முறையாக விண்ணப்பம் போடும்படி தோட்டத்து மேனேஜர் கையெழுத்திட்ட கடிதமும் கூடவே இருந்தது. ஏஜெண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த விலாசம் அவளுக்கு எப்டிக் கெடச்சுது?"

"நான்தாங்க குடுத்தேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேனேஜரின் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து அப்ளிகேஷன எழுது. நீ போய்ட்டா இந்த இங்கிலீச யாரு எழுதறது?"

இரண்டு மாதம் கழித்து ஆவடி கேம்பில் விசாரணை நடந்தது. வெளிநாடு போகிறவர்களை விசாரிக்கும் துரை வாரம் ஒருநாள் அங்கே வருவார். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தா. காகிதங்களோடு நானும் போயிருந்தேன். குமாஸ்தா ஒப்பந்தத்தை வேகமாக வாசித்துக்கொண்டே போனார். மூன்று வருஷம், தனி அறை, திரும்பி வரும் செலவு தோட்டத்தாருடையது. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் அப்பால என்றார். நோய் வந்தால் என்ன என்று கேட்டார், அது எழுதியிருந்தது. செத்துப்போனால் பெட்டியும் துணியும் யாருக்குப் போகும் என்று கேட்டார், தங்கச்சி பெயரை எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் "மேனேஜர் சொல்லும் மற்ற வேலைகளும்" என்று ஒரு வரி வந்தது.

"மத்த வேலைன்னா?"

குமாஸ்தா, "எல்லார் ஒப்பந்தத்திலும் அப்படித்தான்மா இருக்கும்" என்றார்.

"செரிங்க. மத்த வேலைன்னா இன்னா வேலைங்க?"

"என்ன கேட்கிறாள்?" என்றார் துரை. குமாஸ்தா சொன்னார். துரை அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். என்னிடம் திரும்பி, மற்ற வேலை என்றால் என்ன என்று அவரும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்து, "ஆஸ்பத்திரி வேலை மட்டும்" என்று எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். "மருத்துவச்சி" என்று துரையே தமிழில் உடைத்து உடைத்துச் சொன்னார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

அவர் மலேயா போனார். டாக்டர் உண்மையாகவே ஒரு வருஷத்தில் மாறிப் போய்விட்டார். பிறகு வந்தவருக்குப் பிரசவ வார்டு தனியாக இருப்பது பிடிக்கவில்லையாம்; இவரைத் தோட்ட வேலைக்கு அனுப்பப் பார்த்தாராம். 'ஒப்பந்தத்தை எடுத்துக் காமிச்சேன், அப்பால அவர் ஒண்ணும் சொல்லல' என்று ஒரு கடிதத்தில் எனக்கு எழுதியிருந்தார். வேறொரு கடிதத்தில், பன்னிரண்டு கட்டிலும் நிறைந்து இரண்டு பேரைப் பாயில் படுக்கவைத்திருப்பதாக எழுதியிருந்தார். மழையும் அட்டையும்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி சந்தோஷமாக இருந்தார் என்பது எழுத்திலேயே தெரிந்தது.

மூன்று வருஷம் முடிந்து அவர் லீவில் பாரிவாக்கம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி, மனைவி நிறைமாதமாக இருந்தாள். வலி எடுத்தது. என் அம்மா எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கும் கிழவியை அழைத்துவந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் போயின. மறுநாள் விடிந்ததும், யாரையும் கேட்காமல் ஜட்கா வைத்துக்கொண்டு பாரிவாக்கம் போனேன். அந்த அம்மாள் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே கிளம்பினார். எப்போது வலி கண்டது, நீர் உடைந்ததா, எந்த நிறத்தில் இருந்தது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஜட்காக்காரனை விரட்டி ஓட்டச் சொன்னார்.

குழந்தை கால் முதலில் வரும்படி திரும்பியிருந்தது. உள்ளே இருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது, நிதானமாக, என் மனைவியோடு ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார். பத்து மணி வாக்கில் குழந்தை அழுதது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் பத்திரம் என்று கிழவி வந்து சொன்னாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா உடனே உலை வைத்தாள். சமையல் முடிந்ததும் கொல்லையில் கிணற்றுப் பக்கம் ஓர் இலையைப் போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினாள். அந்த அம்மாளைப் போலச் சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அங்கேதான் சாப்பாடு. எனக்கு அது தெரியும். வாய் திறக்க வேண்டும் என்றும் தெரிந்தது. நான் திறக்கவில்லை.

அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து இலையைப் பார்த்தார். பிறகு குனிந்து, சோறு சிந்தாமல் இலையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிக்கொண்டார். கொல்லைக் கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, என் மனைவி படுத்திருந்த அறைக்கு எதிரே கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

"வெளிய வெயிலு சுடுதும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "இங்க குந்துனா பாப்பாவையும் பாத்துக்குவேன். மருமவளுக்கு இன்னும் ரத்தம் நிக்கல, நான் கண்ண எடுக்கக்கூடாது."

அம்மா கதவுப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அறைக்குள் பார்த்தாள். என் மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள், அவள் பக்கத்தில் துணிச் சுருளுக்குள் குழந்தை கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அறையை நோக்கியபடியே சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி அது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கரண்டியால் கத்தரிக்காயைத் தேடி எடுத்து இலையில் வைத்தாள்.

"உப்பு பத்துதா?" என்று கேட்டாள்.

"பத்துதும்மா. நல்லா கீது" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."